பிள்ளை ஒப்பிக்கிறது, வாசிக்கிறதா?



சைனிக்புரியில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில், மனப்பாட வசனத்திற்கான முதல் பரிசை ஒரே சிறுவன் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பெற்றான். மூன்று முறையும் பரிசைக் கொடுத்தவன் நான்தான். அவனுடைய தகப்பனார் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகக் குடும்பத்தோடு வந்து, சேர்லப்பள்ளி தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். தாயார் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறார். இருவருடைய சம்பாத்தியத்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளின் ஆங்கிலப் பள்ளிக் கட்டணத்திற்கே போய்விடுகிறது.

அந்தச் சிறுவன் ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் சிறுவர் கதைத்தாள் ஒன்றை அவன் கையில் கொடுத்து, "வாசி தம்பி" என்றேன். மௌனமாய் நின்றான். தமிழ் பள்ளியில் கற்பிக்கப்படவில்லை, அதனால்தான் என்று எண்ணி, இரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். அவற்றைக் கூட்டிச் சொல்லாக்க அவனால் முடியவில்லை. தெலுங்குப் புத்தகத்திலும் அப்படியே. வீட்டிலே தமிழ், தெருவிலே தெலுங்கு, பள்ளியிலே ஆங்கிலமும் இந்தியும் என நான்கு மொழிகளின் நடுவே வளர்ந்த பிள்ளை, ஒரு மொழியிலும் ஒரு பக்கத்தை வாசிக்க இயலாதவனாய் நின்றான். "டீச்சர் நன்றாகப் படிக்கிறான் என்றுதானே சொல்லுகிறார்கள், ஐயா" என்று தாயார் கண்கலங்கினார். மதிப்பெண் அட்டையும் அப்படித்தான் சொல்லிற்று.

அந்தத் தாயாரைவிட எனக்கே அதிக வெட்கம். அவன் காதால் கேட்டதை நாவால் ஒப்பித்தான். நான் அதைப் படிப்பு என்று எண்ணி மூன்று ஆண்டுகள் கைதட்டினேன். அதன்பின், பிள்ளைகள் உண்மையாகவே கற்பதற்கு எது உதவுகிறது, எது உதவவில்லை என்று ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைத் தேடி வாசித்தேன். அவ்வாராய்ச்சிகளில் சில நாம் வந்து குடியேறியிருக்கிற இதே மண்ணிலே நடந்தவை. நம்மைப் போன்ற குடும்பங்கள் அவற்றை அறிந்திருப்பது அவசியம் என்பதால் இதை எழுதுகிறேன்.

நம் வீட்டில் மட்டுமல்ல

2005 முதல் பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் நாடெங்கும் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்து, 'ஏசர்' என்ற அறிக்கையாக வெளியிட்டு வருகிறது. சோதனை மிக எளியது. முதலில் எழுத்து, பின்பு சொல், பின்பு சிறு பத்தி, கடைசியில் இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறு கதை. 2018ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 100க்கு 50.5 பேர். கொரோனாவுக்குப் பின் 2022இல் அது 42.8ஆகக் குறைந்தது. 2024இல் ஏறத்தாழ 49க்கு உயர்ந்தது. அதாவது, ஐந்தாண்டுகள் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புப் பக்கம் இன்னும் பூட்டிய கதவாகவே இருக்கிறது.

இவை கிராமப்புற எண்ணிக்கைகள். ஆயினும் நகரத்தில் இருக்கிறோம், கட்டணம் கட்டுகிறோம் என்பதனாலே நம் பிள்ளைகள் தப்பிவிட்டார்கள் என்று எண்ணக்கூடாது. பள்ளிக்கு அனுப்புவது ஒரு காரியம். பிள்ளை கற்பது வேறொரு காரியம். முன்னதில் நம் தேசம் பெரும்பாலும் வென்றிருக்கிறது. பின்னதில் இன்னும் வெல்லவில்லை.

எழும்பூரில் நடந்த ஒரு சோதனை

கல்வியில் எது பயன்படும் என்று சோதித்துப் பார்க்கும் பழக்கம் மேல்நாட்டிலிருந்து நேற்று வந்ததன்று. சைனிக்புரி என்ற பெயர் படைவீரரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 200 ஆண்டுகளுக்கு முன் சென்னை எழும்பூரிலும் படைவீரரின் பிள்ளைகளுக்கென ஓர் ஆதரவில்லம் இருந்தது. 1789இல் அதன் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுக் குருவானவர். அங்கிருந்த ஆசிரியர்களின் முறையில் பிள்ளைகள் முன்னேறவில்லை. ஒருநாள் காலையில் குதிரையில் சென்றபோது, நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அதையே தம் பள்ளியில் செய்யச் சொன்னார். ஆசிரியர் அது நடவாத காரியம் என்றார். பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம், ஒரு சாதாரணப் படைவீரனின் மகனிடம், எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர் முடியாது என்றதைச் சிறுவன் செய்துகாட்டினான்.

1796இல் பெல் ஊர் திரும்பினார். 1797இல் இந்தச் சோதனையைப் பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. நம்முடைய திண்ணையின் மணல் அவர்களுடைய பள்ளிகளுக்குப் போயிற்று. பிற்காலத்தில் ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நிறுத்திக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிக்கும் இயந்திரமாக அம்முறை சுருங்கிப்போனதும் உண்மையே. நல்ல முறையும், பிள்ளை கற்கிறதா என்று பார்க்கும் கண் மூடிவிட்டால், வெறும் சடங்காகிவிடும்.

சீட்டுப் போட்டுக் கண்ட உண்மைகள்

இனி நம் காலத்திற்கும் இந்த மாநிலத்திற்கும் வருவோம். 2005இல், தெலங்கானா இன்னும் பிரியாதிருந்த ஆந்திரப் பிரதேசத்தில், மாநில அரசும் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையும் உலக வங்கியும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. அதை வழிநடத்தியவர்கள் பொருளியலறிஞர் கார்த்திக் முரளிதரனும் உலக வங்கியைச் சேர்ந்த வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆவர்.

அவர்கள் கைக்கொண்ட வழி நமக்கு அந்நியமானதன்று. யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீடர்கள் சீட்டுப்போட்டதை நாம் அறிவோம். அதுபோலவே 500 அரசுத் தொடக்கப் பள்ளிகளைச் சீட்டுப்போட்டு ஐந்து கூட்டமாகப் பிரித்தார்கள். ஏன் சீட்டு? நாமே தெரிந்தெடுத்தால் நல்ல தலைமையாசிரியர் உள்ள பள்ளியையும் வசதியான ஊரையும் ஒரே பக்கத்தில் சேர்த்துவிடுவோம். சீட்டுப்போட்டால் நல்லதும் குறைவுள்ளதும் எல்லாக் கூட்டத்திலும் சமமாய் விழும். பின்பு ஒரு கூட்டம் மட்டும் முன்னேறினால், அது அங்கே செய்யப்பட்ட காரியத்தின் பலன் என்று துணிந்து சொல்லலாம்.

ஒரு கூட்டத்துப் பள்ளிகளுக்கு நோட்டு, கற்பிக்கும் பொருள்கள் வாங்கப் பணம் தரப்பட்டது. முதலாண்டில் எதிர்பாராமல் வந்த அப்பணத்தால் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் உயரவில்லை. காரணத்தைத் தேடினால் அது வீடுகளில் இருந்தது! பள்ளி வாங்கித்தரும் என்று அறிந்த பெற்றோர் தாங்கள் வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு கையில் வந்தது மறு கையில் போயிற்று.

இன்னொரு கூட்டத்தில் பள்ளிக்கு ஓர் ஒப்பந்த ஆசிரியர் கூடுதலாகக் கொடுக்கப்பட்டார். இவர்கள் நிரந்தர ஆசிரியரைவிட மிகக் குறைந்த சம்பளம் பெற்றவர்கள், பயிற்சியும் குறைவு. ஆயினும் பள்ளிக்கு அருகில் குடியிருந்தவர்கள், நிரந்தர ஆசிரியரைவிடக் குறைவாகவே பள்ளிக்கு வராமல் இருந்தவர்கள். இரண்டாண்டு முடிவில் அப்பள்ளிகளின் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்.

மற்ற இரண்டு கூட்டங்களில், பிள்ளைகளின் கல்வி உயர்ந்தால் ஆசிரியருக்குச் சிறு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. அது வருடச் சம்பளத்தில் சராசரியாக 100க்கு 3 பங்கு அளவே. அங்கே கணக்கிலும் மொழியிலும் நல்ல முன்னேற்றம் காணப்பட்டது. ஊக்கத்தொகை இல்லாத அறிவியல், சமூகப் பாடங்களிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆசிரியர் விடுப்பு எடுப்பது குறையவில்லை. வந்த நாட்களில் கூடுதலாக வீட்டுப்பாடம் கொடுத்தார்கள், பள்ளி நேரத்திற்குப் பின்னும் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதே வித்தியாசம். கடைசிக் கூட்டத்திற்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே அது இருந்தது.

இதோடு சேர்ந்த மற்றோர் ஆய்வு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எந்தப் பிள்ளை எதிலே குறைவாயிருக்கிறது என்று விவரமான அறிக்கை தயாரித்து ஆசிரியர் கையில் கொடுத்து, அவ்வப்போது வகுப்பையும் வந்து பார்த்தார்கள். யாராவது பார்க்கும்போது ஆசிரியர் சுறுசுறுப்பாய் இருந்தார்கள். ஆண்டு முடிவில் பிள்ளைகளின் கற்றலில் ஒரு மாற்றமும் இல்லை. குறையைத் தெரிந்துகொள்வது மட்டும் போதாது. தெரிந்தபின் வகுப்பறையில் ஏதேனும் மாறவேண்டும். சத்தியத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவர்களைப் பற்றி நாம் வாரந்தோறும் பிரசங்கிக்கிறோம் அல்லவா?

கட்டணம் கூடினால் கல்வி கூடுமா?

நகரத்திற்கு வந்த நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை உண்டு. எப்படியாவது தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டால் பிள்ளை கரையேறிவிடும் என்பது அது. 2000ஆம் ஆண்டில் ஹைதராபாத் வந்த ஜேம்ஸ் டூலி என்னும் ஆங்கிலேயப் பேராசிரியர், பழைய நகரத்தின் சந்துகளில் ஏழைகளே கட்டணம் கட்டிப் படிக்க வைக்கும் சிறு பள்ளிகள் ஏராளமாய் இருப்பதைக் கண்டு வியந்து, அவற்றை ஆராய்ந்து 2009இல் நூலாக எழுதினார். நம் தகப்பன்மார் தாய்மாரின் ஏக்கம் அத்தனை பெரியது; அதைக் குறைத்துப் பேச எனக்கு மனதில்லை.

ஆனால் அந்த நம்பிக்கையும் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஆந்திரக் கிராமங்கள் 180இல், 2008 முதல் நான்காண்டுகள், மேற்சொன்ன ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் சீட்டுப்போட்டார்கள். சீட்டு விழுந்த ஏழைப் பிள்ளைகள் அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்குச் செலவின்றி மாறலாம். நான்காண்டுக்குப் பின் சோதித்தபோது, தெலுங்கு, கணக்கு, ஆங்கிலம், அறிவியல் சமூகப் பாடங்கள் எதிலும் மாறின பிள்ளைகளுக்கும் மாறாத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. இந்தியில் மட்டும் மாறினவர்கள் முன்னே நின்றார்கள். அது அரசுத் தொடக்கப் பள்ளியில் கற்பிக்கப்படாத பாடம். தாய்மொழியில் படித்த பிள்ளை திடீரென ஆங்கில வழிக்கு மாறும்போது மற்றப் பாடங்களிலும் பின்தங்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகளும் தென்பட்டன.

நியாயமாய் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அத்தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு, அரசு செய்த செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குறைந்த செலவில் அதே பலனைத் தந்தன என்பது அவற்றிற்குப் பெருமையே. இந்த ஆய்வு கிராமங்களில் நடந்தது. நகரத்திற்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. தனியார் பள்ளிப் பிள்ளைகள் அதிக மதிப்பெண் பெறுவது பெரும்பாலும் அவர்களுடைய வீட்டின் பலனே, பள்ளியின் பெயர்ப்பலகையினாலன்று என்பதே அது நமக்குச் சொல்லும் செய்தி. கட்டணத்தைக் கட்டிவிட்டதால் நம் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை.

நிற்கிற இடத்திலிருந்து தொடங்குதல்

அப்படியானால் எதுதான் உதவுகிறது? பல மாநிலங்களில், பல ஆண்டுகளாய், திரும்பத் திரும்பக் கிடைத்த விடை ஒன்றே. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பாராமல், எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து கற்பிக்கவேண்டும்.

2001 முதல் வதோதராவிலும் மும்பையிலும் பிரதம் நிறுவனம் இதைச் செய்தது. பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி கொடுத்து, மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே கற்பிக்கச் செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மாதம் 500 முதல் 750 ரூபாய். பிள்ளைகள் நன்கு முன்னேறினார்கள். இதை ஆராய்ந்தவர்களுள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ ஆகிய இருவரும் பிற்பாடு 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் 2013-14இல் பள்ளிகளிலேயே சில வார முகாம்கள் நடத்தி, நிலைவாரியாகக் கற்பித்தபோது, பத்தியோ கதையோ வாசிக்கக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கை, முகாம் நடவாத பள்ளிகளைவிட ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று.

ஹரியானாவில் கண்டது இன்னும் தெளிவானது. அங்கே தொடர் மதிப்பீடு என்ற அரசுத் திட்டமும், தினம் ஒரு மணி நேரம் நிலைவாரியாகக் கற்பிக்கும் முறையும் அருகருகே சோதிக்கப்பட்டன. முன்னதில் படிவங்கள் நிரம்பின, பிள்ளைகள் முன்னேறவில்லை. பின்னதில் அதே அரசு ஆசிரியர்களின் கையாலேயே பிள்ளைகளின் வாசிப்பு உயர்ந்தது. அந்த ஒரு மணி நேரம் வேறெதற்கும் பயன்படாதபடி ஒதுக்கப்பட்டதும், அதிகாரிகள் பள்ளிக்கு வந்து உடனிருந்து வழிகாட்டியதும் அதற்குக் காரணங்கள்.

நல்ல ஆசிரியர்கூட ஏன் இதைத் தாமாகச் செய்வதில்லை? பாடத்திட்டத்தைக் குறித்த காலத்தில் முடிக்கவேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஆசிரியரின் கடமை. புத்தகம் முன்னே ஓடுகிறது. அதனோடு ஓடக்கூடிய சில பிள்ளைகள் ஓடுகிறார்கள். மற்றவர்கள் முதலாம் வகுப்பின் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். மேய்ப்பன் மந்தையின் முன்வரிசையை மட்டும் பார்த்து நடந்தால் பின்னே விழுந்தவற்றைத் தேடுவது யார்?

தமிழ்நாடு செய்தது

நம் சொந்த மாநிலத்திலும் ஒரு சாட்சி உண்டு. கொரோனாவினால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அவ்வேளையில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தங்கள் தெருவிலேயே மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார்கள். திண்ணையும் கோயில் மண்டபமும் சமுதாயக் கூடமும் வகுப்பறைகளாயின.

அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் கிராமப்புறத் தமிழகத்தில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்திற்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளின் பலன். பள்ளியின் உழைப்பே பெரும்பங்கு. ஆனால் தெருவிலே ஒரு சகோதரி தினமும் செலவிட்ட ஒரு மணி நேரமும் வீணாகவில்லை.

இதைத் தொடர்ந்து 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதிலே தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்தார்கள். தெலங்கானாவும் அதே ஆண்டு ஆகஸ்டில் 'தொலி மெட்டு', அதாவது முதற்படி, என்ற திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதற்கும் 2020இன் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 2021 ஜூலையில் 'நிபுண் பாரத்' அறிவிக்கப்பட்டது. 2026-27க்குள் மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வரவேண்டும் என்று அதில் இலக்கு வைக்கப்பட்டது. ஆராய்ச்சி மெதுவாகவேனும் கொள்கையாகிறது. ஆனால் கொள்கை தானாகவே பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைக்காது. ஹரியானாவின் படிவங்களை மறந்துவிடாதிருப்போம்.

நாம் செய்யக்கூடியவை

1. இன்று இரவே உங்கள் பிள்ளையைச் சோதித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். பிள்ளை முன்பு பாராத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். எழுத்து தெரிகிறதா, சொல் கூடுகிறதா, பத்தி ஓடுகிறதா, கதையை வாசித்துத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று கவனியுங்கள். அடிக்கவும் வேண்டாம், அழவைக்கவும் வேண்டாம். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும், பிள்ளை தடுமாறுகிறதா சரளமாய்ப் போகிறதா என்பது உங்கள் காதுக்குத் தெரியும்.

2. ஒரு மொழியிலாவது வாசிப்பை முதலில் உறுதிப்படுத்துங்கள். ஒரு மொழியில் எழுத்தைக் கூட்டி வாசிக்கும் வித்தை பிடிபட்டால் அடுத்த மொழி எளிதாகும். வீட்டிலே பேசும் தமிழ் அதற்கு நல்ல வாசல். தெலுங்கையும் பாரமாக எண்ணாதீர்கள். 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இம்மாநிலப் பள்ளிகளில் அது கட்டாயப் பாடம். நம் பிள்ளைகளுக்கு அண்டைவீட்டு நண்பர்கள் கூலியில்லாமல் கற்றுத்தருகிற மொழியும் அதுவே.

3. பெற்றோர் கூட்டத்தில் கேள்வியை மாற்றுங்கள். "எத்தனை மதிப்பெண்?" என்பதற்குப் பதிலாக, "என் பிள்ளை எதைத் தானாக வாசிக்கிறான்? எந்தக் கணக்கில் நிற்கிறான்?" என்று மரியாதையோடு கேளுங்கள். ஆசிரியர் நமக்கு எதிரியல்லர். அறுபது பிள்ளைகளின் நடுவே நிற்பவருக்கு நம் கேள்வி ஒரு நினைப்பூட்டுதலாகும்.

4. ட்யூஷனுக்குப் பணம் கட்டுமுன் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். வீட்டுப்பாடத்தை எழுதி முடித்து அனுப்புவதுதான் நடக்கிறது என்றால், பிள்ளை நிற்கிற இடத்திலேயே நிற்கும்.

5. சபைக் கூடங்களைத் திறந்துகொடுங்கள். வார நாட்களின் மாலையில் பூட்டிக்கிடக்கும் கூடமும், விளக்கும், பாயும், கல்லூரி செல்லும் இரண்டு வாலிபரும் இருந்தால் போதும். நம் பிள்ளைகளுக்கென்று மட்டும் கதவை வைக்காமல், தெருப் பிள்ளைகள் யாவருக்கும் வையுங்கள்.

எங்கள் கூடத்தில் நடந்தது

நாங்களும் அப்படியே தொடங்கினோம். மாலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை, வாரத்தில் ஐந்து நாள். வகுப்பைப் பாராமல் வாசிப்பைப் பார்த்து மூன்று பாய்களில் பிள்ளைகளை உட்காரவைத்தோம். முதல்நாளே ஒரு சங்கடம் வந்தது. நான் பரிசு கொடுத்த அந்த ஐந்தாம் வகுப்புச் சிறுவன் எழுத்துப் பாயில் உட்காரவேண்டியதாயிற்று. மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவனுடைய தங்கை கதைப் பாயில் இருந்தாள். இரண்டு நாள் வந்தான். மூன்றாம் நாள் வரவில்லை. பிள்ளையின் நிலையைக் கண்டுபிடிப்பது எளிது. அதைப் பிள்ளையின் மனம் நோகாமல் செய்வதே கடினம் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

எழும்பூர்ச் சிறுவன் ஃப்ரிஸ்கெனின் கதை அப்போதுதான் எனக்குக் கைகொடுத்தது. வீட்டுக்குப் போய் அவனை அழைத்தேன். "சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும் தம்பி, நீ வந்தால்தான் ஆகும்" என்றேன். வந்தான். ஒரு தட்டிலே மணலைப் பரப்பி, சிறுபிள்ளைகளின் விரலைப் பிடித்து 'அ' போடச் சொல்லிக்கொடுத்தான். கற்பிப்பதற்காகவே முந்தின இரவு தானும் கற்றுக்கொண்டு வந்தான் என்று தாயார் பிற்பாடு சொன்னார்.

இதை அற்புதச் சாட்சியாகச் சொல்ல நான் துணியமாட்டேன். எட்டு மாதம் ஆயிற்று. வகுத்தல் கணக்கு இன்னும் அவனுக்கு வரவில்லை. ஆங்கிலம் தள்ளாடுகிறது. எங்களிடம் வந்த இரண்டு பிள்ளைகளின் குடும்பங்கள் வேலைக்காக வேறு நகரத்திற்குப் போய்விட்டதால் அவர்களுடைய படிப்பு நடுவிலே நின்றது. அது இன்றும் எனக்குப் பாரமாயிருக்கிறது. ஆனால் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சிறுவன் எழுந்து, மனப்பாடம் செய்யாத ஒரு பகுதியைச் சபையார் முன்பாகத் தமிழில் வாசித்தான். விரலை வரியின்மேல் வைத்து, இரண்டு இடத்தில் தடுமாறி, திரும்ப வந்து, முடித்தான். அவன் தகப்பனார் எழுந்து நின்றுகொண்டே கேட்டார்.

ரதத்திலே வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பிய மந்திரியைக் கண்டபோது, வாசிக்கிறது அவருக்கு விளங்குகிறதா என்றுதான் பிலிப்பு முதலாவது கேட்டார். பிறகு ரதத்தில் ஏறி, அந்த மனிதர் நின்ற இடத்திலிருந்தே தொடங்கினார். பெற்றோரும் ஆசிரியரும் அரசும் கேட்கவேண்டிய கேள்வி அதுவே. தொடங்கவேண்டிய இடமும் அதுவே.

எங்கள் ஞாயிறு பள்ளியில் மனப்பாடப் பரிசு இன்னும் உண்டு. இவ்வாண்டு முதல், முன்பு பாராத பக்கத்தை வாசித்துப் பொருள் சொல்லும் பிள்ளைக்கும் ஒரு பரிசு வைத்திருக்கிறோம்.